அறுபது கிலோ பிரிவுக்கு நாங்கள் ஏன் போவதில்லை

2009 ஜூலை 14 என்று தேதியிட்ட ஒரு கடிதம், கல்லூரி முத்திரையோடு எனக்கு வந்தது. எழுதியவர் கவிதா, நான் ஓய்வுபெற்ற பிறகு அதே கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்தவர். நலம் விசாரித்துவிட்டு இப்படி எழுதியிருந்தார்: "நம் கபடி அணி எடைப் பிரிவுப் போட்டிகளுக்குப் போவதில்லை என்று ஒரு வழக்கம் இருக்கிறது. காரணம் துறைக் கோப்புகளில் இல்லை. 'பழைய பி.டி. சார் வேண்டாம்னுட்டாரு' என்பது மட்டும்தான் எல்லோருக்கும் தெரிகிறது. இந்த ஆண்டு வடமதுரையில் அறுபது கிலோ பிரிவுப் போட்டி அறிவித்திருக்கிறார்கள். பையன்கள் என்னை விடுவதாக இல்லை. காரணத்தை எழுத்தில் தந்தால் உதவியாக இருக்கும்."

அவர் கேட்டது நியாயம். காரணம் இதுதான்: 1997இல் என் பொறுப்பில் இருந்த ஒரு மாணவன் செத்துப் பிழைத்தான். அதில் என் பங்கு எவ்வளவு என்பதை அன்றும் எழுதிக் கொடுத்தேன். அப்போது எழுதியது முழுமையானதல்ல என்று பின்னர் தெரியவந்ததால் இப்போது மறுபடியும் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உடற்கல்வியில் பட்டம், ஒரு பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு வேலை, பிறகு 1986 ஜூன் 18, புதன்கிழமை, இந்தக் கல்லூரி. மைதானம் என்று என்னிடம் காட்டிய இடத்தில் வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. மாணவர்களும் நானுமாக அதை வெட்டி, கல் பொறுக்கி, கண்மாய் வண்டலைச் சலித்துக் கொட்டி ஒரு கபடிக் களம் போட்டோம். சிறிய கல்லூரி. கால்பந்துக்கு வேண்டிய ஆளும் இல்லை, புல்லும் இல்லை. கபடிக்கு ஏழு பேர் போதும்.

எங்கள் பக்கத்து ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் எடை வைத்துத்தான் நடக்கும். அறுபது கிலோ பிரிவு என்றால் களத்தில் இறங்கும் யாரும் அறுபதுக்கு மேல் இருக்கக் கூடாது. காலையில் எடை பார்த்து உள்ளங்கையில் முத்திரை குத்துவார்கள். முத்திரை விழுந்த பிறகு எவ்வளவு தின்றாலும் குடித்தாலும் கேள்வி இல்லை. ஆகவே அறுபத்து மூன்று கிலோ ஆளை அறுபதாக்கித் தராசில் ஏற்றி, இறங்கியதும் தண்ணீரும் சோறும் கொடுத்து மறுபடி அறுபத்து மூன்றாக்கிக் களத்தில் விடுவதே பயிற்சியாளரின் சாமர்த்தியம் என்று எல்லா அணிகளும் நினைத்தன. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இதில் நான் அடிபட்டது 1991 ஆகஸ்டில், ஒட்டன்சத்திரத்தில். ஏழாவது ஆள் இருநூறு கிராம் கூடுதல். மாற்று ஆட்டக்காரன் ஒருவன் காய்ச்சலில் வரவில்லை, இன்னொருவன் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தான். எடை பார்த்த பெரியவர் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். "ஏனுங்க சார், தராசுல எரநூறு கிராம் சாஸ்தி காட்டுதுங்க. நாங்க என்னங்க பண்றது?" ஆடாமலே திரும்பினோம். இனி என் ஆள் எவனும் தராசில் தோற்கக் கூடாது என்று அன்று குறிப்பேட்டில் எழுதினேன்.

அதற்கு ஒரு முறை வகுத்தேன். திண்டுக்கல் வெங்காயப்பேட்டையில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு ஒன்று இருந்தது. விடியற்காலையில் வியாபாரம் தொடங்குமுன் என் ஆட்களை அங்கே வரிசையாக நிறுத்துவேன். ஜட்டி மட்டும்தான். அரைஞாண் கயிறும் கூடாது.

"சார், கயித்த அறுத்தா ஆத்தா வீட்டுக்குள்ள விட மாட்டா" என்பான் ஒருவன்.

"கயிறு பத்து கிராம் இருக்கும்லே. அந்தப் பத்து கிராம்ல கப்பு போயிருச்சுன்னா நாங்க ஒன்னைய ஊருக்குள்ள விட மாட்டோம்" என்பான் அணித்தலைவன் அந்தோணி. அவனே ஒருமுறை நூறு கிராமுக்காக மொட்டை அடித்துக்கொண்டு வந்து, "பழனிக்கு நேந்துக்கிட்டேன்னு வீட்ல சொல்லிட்டேன் சார், சாமி கோவிச்சுக்கிட்டா ஒங்க பேரச் சொல்லுவேன்" என்றான்.

தராசுக்காரர் எங்களை வேடிக்கை பார்ப்பார். "சார், வெங்காயத்த ரெண்டு நாள் காய வச்சா மூட்டைக்கு ரெண்டு கிலோ கொறையும். ஒங்க சரக்கையும் செத்த நேரம் வெயில்ல பரத்தி விடுங்க" என்பார். எல்லோரும் சிரிப்போம். சிரித்தாலும், நான் செய்துகொண்டிருந்தது அதையேதான். போட்டிக்கு மூன்று நாள் முன்பிருந்து உப்புக் குறைப்பு, பிறகு சோறு குறைப்பு, கடைசி நாள் தண்ணீர் குறைப்பு. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓட்டம். எலுமிச்சையைச் சப்பிச் சப்பி எச்சிலைத் துப்புவது. ஒவ்வொருவனுக்கும் காலை எடை, மாலை எடை என்று கட்டம் போட்டுக் குறித்துவைத்தேன். 1993இலும் 1995இலும் கோப்பை வாங்கினோம். கோப்பைக்குக் காரணம் என் குறிப்பேடுதான் என்று கல்லூரியில் பேச்சு இருந்தது; நான் அதை மறுத்ததில்லை.

வேல்முருகன் 1995இல் வரலாறு படிக்க வந்து சேர்ந்தான். தாடிக்கொம்புக்கு அருகே கத்தரியும் தக்காளியும் போடும் குடும்பம். ஒல்லியும் இல்லை, தடியும் இல்லை. ஆனால் 'கபடி கபடி' என்று பாடிப் போனால் எதிரணியில் இருவரையாவது தொட்டுவிட்டுத்தான் வருவான். இடது கால் நீண்டு போய்த் தொட்டதை எதிரே நிற்பவன் நடுவர் கை உயர்ந்த பிறகுதான் உணர்வான். காவலர் தேர்வுக்குப் போக வேண்டும், விளையாட்டுச் சான்றிதழ் கையில் இருந்தால் நல்லது என்பது அவன் எண்ணம். அவனுடைய இயல்பான எடை அறுபத்து மூன்றரை.

1997 பிப்ரவரி 22, சனிக்கிழமை, வடமதுரையில் போட்டி. என் குறிப்பேட்டில் அவன் பெயருக்கு எதிரே இருப்பதை அப்படியே தருகிறேன்: "வியாழன் மாலை 62.4. வெள்ளி மாலை 61.6. சனி காலை 4.50, 59.8. நன்று."

ஓர் இரவுக்குள் கிட்டத்தட்ட இரண்டு கிலோ இறங்கியிருந்தது. என் கட்டத்தில் வேறு எவனுக்கும் ஓர் இரவில் எழுநூறு கிராமுக்கு மேல் குறைந்ததில்லை. நான் அவனிடம் எப்படிக் குறைந்தது என்று கேட்கவில்லை. 'நன்று' என்று எழுதினேன்.

வேனில் வடமதுரை போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. ஆறரைக்கு எடை. அவர்கள் தராசில் 59.9. முத்திரை விழுந்தது. பிறகு எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள், பொங்கல் சாப்பிட்டார்கள். வேல்முருகன் குடித்ததை வாந்தி எடுத்தான். "பித்தம் சார், செத்த நேரத்துல சரியாப் போயிரும்" என்றான். நான் கொஞ்ச நேரம் படுத்திருக்கச் சொன்னேன். பதினொரு மணி ஆட்டத்தில் அவனாலேயே ஜெயித்தோம்.

இரண்டாவது ஆட்டம் மூன்று மணிக்கு. மாசி வெயில். ஆறாவது நிமிடம் அவன் பாடிப் போய் ஒருவனைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டி நம் பக்கம் திரும்பினான். நாங்கள் கைதட்டினோம். அவன் நிற்கவில்லை. மறுபடி திரும்பி, பாட்டு இல்லாமல், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எதிரணிப் பக்கம் நடந்து போய் அவர்கள் நடுவே நின்றான். கூட்டம் சிரித்தது. எதிரணிக்காரன் ஒருவன், "என்ன மாப்ள, எங்க டீம்ல சேந்துட்டியா?" என்றான். அப்போதுதான் வேல்முருகனின் முழங்கால் மடங்கியது. அவனைத் தாங்கிப் பிடித்தது கேலி செய்த அதே பையன்தான். "சார், ஒடம்பு கொதிக்குது சார்" என்று அவன் என்னைப் பார்த்துச் சொன்னது மூன்று ஆறுக்கு. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன் என்பதால் நேரம் தெரியும். அந்தச் சமயத்திலும் மணி பார்த்தேன் என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

போட்டிக் குழுவின் ஜீப்பில் முதலில் ஊர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து திண்டுக்கல். அங்கே பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் கேட்டார்: "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாரு?"

எனக்குத் தெரியவில்லை. அவனுடைய மூன்று நாள் எடையைக் கிராம் கணக்கில் சொல்ல என்னால் முடியும். இதைச் சொல்ல முடியவில்லை. அந்தோணியும் உதட்டைப் பிதுக்கினான். குழாய் போட்டு எடுத்தபோது வந்தது கொஞ்சம். கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அன்று மாலையே மதுரைக்கு அனுப்பினார்கள். உடம்பில் நீர் வற்றியிருந்த நிலையில் வெயிலில் ஆடியதால் தசை சிதைந்து, அது சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்று விளக்கினார்கள். நான்கு முறை இயந்திரம் வைத்து ரத்தம் சுத்திகரித்தார்கள். பிழைப்பானா என்று ஐந்து நாள் யாரும் உறுதி சொல்லவில்லை. ஆறாம் நாள் சிறுநீர் தெளிந்தது. பதினான்காம் நாள் வீட்டுக்குப் போனான்.

இரண்டாம் நாள் அவன் அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "மூணு நாளா வீட்ல சாப்பிடல சார். கேட்டா, காலேஜ்ல சோறு போடுறாகன்னான்" என்றார். "வெள்ளிக்கிழம சாயந்தரம் கம்பளியப் போத்திக்கிட்டு வாய்க்கா வரப்புல ஓடிக்கிட்டே இருந்தான். இருட்டுற வரைக்கும் ஓடுனான். பயிற்சின்னு நெனச்சேன்." கடைசியாக, "மாட்டுக்குத் தண்ணி காட்டாம ஏர்ல பூட்டுவமா சார்?" என்றார். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே அறிந்துகொள்ள விரும்பியவர் போலத்தான் கேட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்போது முதல்வராக இருந்தவர் தேவசகாயம் சார், இயற்பியல் பேராசிரியர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் பென்சிலை எடுத்துக்கொண்டுதான் படிப்பார். தேவையில்லாத சொல்லுக்கு மேல் ஒரு சிறு கோடு போடுவார். நிற்கவைத்துப் பேச மாட்டார். "உக்காருங்க" என்பார், உட்கார்ந்தபின் நாம் தாள் மீது அந்தப் பென்சில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மார்ச் 3, திங்கட்கிழமை, என் முதல் அறிக்கையைக் கொடுத்தேன். "ஆட்டத்தின்போது மாணவர் திடீரென மயங்கி விழுந்தார்" என்று அது தொடங்கியது. 'திடீரென' என்பதன் மேல் கோடு விழுந்தது.

"திடீர்னு எதுவும் நடக்கிறதில்ல சார். எங்க ஆரம்பிச்சுதோ அங்கருந்து எழுதுங்க."

இரண்டாவது அறிக்கையில் காலையில் வந்த வாந்தியிலிருந்து தொடங்கினேன். "போதிய நீர் அருந்தாததால்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அவர் கோடு போடவில்லை. தாளை என் பக்கம் திருப்பினார்.

"அருந்தாததாலன்னு இருக்கு. அவனா அருந்தலையா, யாரும் அருந்த வேண்டாம்னு சொன்னாங்களா?"

"நான் சொன்னேன் சார்."

"அப்ப அந்த வாக்கியத்துக்கு எழுவாய் நீங்கதான். அத விட்டுட்டீங்க. ஒங்க நோட்டக் கொண்டாங்க."

கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிப்ரவரி 22இல் பென்சில் நின்றது. 'நன்று' என்ற சொல்லின் அடியில் மெல்லிய கோடு ஒன்று இழுத்தார். "இதையும் சேத்து எழுதுங்க" என்றார்.

மூன்றாவது அறிக்கை நான்கு பக்கம். எடைக் குறைப்பு என் ஏற்பாடு. உணவும் நீரும் குறைக்கச் சொன்னது நான். ஓர் இரவில் 1.8 கிலோ குறைந்ததைக் கண்டும் விசாரிக்கவில்லை. வாந்தி எடுத்தவனை ஆடவிட்டது நான். அதை முழுதும் படித்துவிட்டு அவர் கேட்டார்: "இது நிர்வாகத்துக்குப் போனா ஒங்களுக்கு வேல இருக்குமோ இருக்காதோ. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"நான் அனுப்பாம இருக்க முடியாது."

"அனுப்புங்க சார்."

வேலை போகவில்லை. எழுத்தில் கண்டனமும், ஓராண்டு அணிப் பொறுப்பிலிருந்து விலக்கலும் வந்தன. அறிக்கையின் மூலப்படி நிர்வாக அலுவலகத்திலேயே இருந்துவிட்டது. கவிதாவுக்குத் துறைக் கோப்பில் எதுவும் கிடைக்காததற்கு அதுவே காரணம். 1998இல் அணியை மறுபடி என்னிடம் தந்தார்கள். எடைப் பிரிவுப் போட்டிகளுக்கு இனி அணி அனுப்ப மாட்டேன் என்றேன். தேவசகாயம் சார், "சரி" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு பத்தாண்டுகளில் பெரிய கோப்பை எதுவும் வாங்கவில்லை. திறந்த பிரிவில் எழுபத்தைந்து கிலோ ஆட்களிடம் எங்கள் பையன்கள் அடிவாங்கித் திரும்புவார்கள். "நம்ம சார் தண்ணி குடிக்கிறதுக்குத்தான் கோச்சிங் குடுப்பாரு" என்று அவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருக்கிறது. அது ஓரளவு உண்மையும்கூட. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவனும் என் எதிரில் இரண்டு தம்ளர் குடிக்க வேண்டும்.

வேல்முருகன் படிப்பை முடித்தான். மறுபடி ஆடவில்லை, ஆடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். காவலர் தேர்வுக்கும் போகவில்லை. தாடிக்கொம்பில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்தான்.

வரலாற்று நூல்கள் படிப்பவன் நான். அன்றன்றே எழுதிய குறிப்புக்கும் பின்னால் நினைவிலிருந்து எழுதியதற்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெரியும். அதனால் அந்த மூன்றாவது அறிக்கையைப் பற்றி எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. எதையும் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று ஏழு ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2004 ஆகஸ்ட் 21, சனிக்கிழமை, பள்ளிகளுக்கிடையிலான போட்டி ஒன்றுக்கு நடுவராகப் போய்விட்டு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். அந்தோணி வந்தான். பக்கத்தில் ஒரு பள்ளியில் அவனும் பி.டி. மாஸ்டராகியிருந்தான்.

"சார், நானும் பயகளுக்குத் தண்ணி குடுத்துத்தான் எறக்குறேன். அன்னைக்குக் கத்துக்கிட்டது" என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். குடித்துக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகத்தான் சொன்னான். "வேன விட்டு எறங்குன ஒடனே வேலு ஒங்ககிட்ட வந்து, ஒரே ஒரு மடக்கு தண்ணி குடிச்சுக்கிறவான்னு கேட்டானே சார். அதத்தான் நான் அடிக்கடி நெனைப்பேன்."

"எப்ப?"

"வடமதுரையில சார். எடைக்கு முந்தி. நீங்க நோட்டப் பாத்துக்கிட்டே, 'அரை மணி நேரம் பொறுலே'ன்னீங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் நிறுத்தினான். "நீங்க அத எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன் சார்."

எழுதவில்லை. எனக்கு அது நினைவிலேயே இல்லை. அன்று வேனை விட்டு இறங்கியது நினைவிருக்கிறது. போட்டி நடந்த பள்ளியின் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர் நினைவிருக்கிறது. தராசின் முன் நின்ற வரிசை நினைவிருக்கிறது. அவன் என்னிடம் வந்ததும், கேட்டதும், நான் சொன்னதும் இல்லை. குறிப்பேட்டிலும் அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு வரி இல்லை. எனக்கு இது சிறிய விஷயம் அல்ல. தண்ணீரைக் குறைக்கச் சொல்லி முறை வகுத்தது ஒரு தவறு. தாகம் என்று எதிரில் வந்து கேட்டவனுக்கு இல்லை என்றது வேறு. முதலாவதை ஒப்புக்கொண்டேன். இரண்டாவதை நான் செய்தேனா என்றே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வேல்முருகனின் கடைக்குப் போனேன். பிரித்துப் போட்ட மோட்டாரின் உள்ளே செம்புக் கம்பியைச் செருகிக்கொண்டிருந்தான். எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டான். அந்தோணி சொன்னதைச் சொல்லிக் கேட்டேன்.

"இல்ல சார்" என்றான். "நான் கேக்கல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு வேலு. எனக்காகச் சொல்லாத."

அவன் கம்பியின் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தான், உதடு அசைந்தது. எண்ணி முடித்து, முனையை மடக்கிவிட்டுத்தான் பேசினான்.

"அந்தோணி வேற யாரையோ நெனச்சுக்கிட்டுச் சொல்றான் சார். நான் கேட்டிருந்தா நீங்க குடுத்திருப்பீங்கள்ல?"

கொடுத்திருப்பேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவனும் என் பதிலுக்காக நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று வேனில் எங்கள் இருவரோடும் அந்தோணியோடும் இன்னும் பத்து ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் அவர்களில் எட்டுப் பேரைக் கண்டு விசாரித்துவிட்டேன். ஆறு பேர் கவனிக்கவில்லை என்றார்கள். ஒருவன், யாரோ தண்ணீர் கேட்டது ஞாபகம், யார் என்று தெரியாது என்றான். இன்னொருவன், "எல்லாருமே கேட்டுக்கிட்டுத்தான சார் இருந்தோம்" என்றான். மற்ற இருவர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியவில்லை.

கவிதா அவர்களுக்கு: மூன்றாவது அறிக்கையில் உள்ளவை உறுதியானவை. அவற்றை உங்கள் கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம். அணியை அனுப்ப வேண்டாம் என்பதற்கு அவை போதும். 1997 பிப்ரவரி 22 காலை ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் வேல்முருகன் என்னிடம் தண்ணீர் கேட்டான், நான் மறுத்தேன் என்பதை ஒருவர் சொல்கிறார், அவன் மறுக்கிறான், எனக்கு நினைவில்லை. இது இன்றுவரை உறுதிப்படவில்லை.